டயரில் நிலைத்த பெயர்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோருக்கு எஞ்சினைவிட டயரே பெருந்தொல்லை. எஞ்சினின் தேய்ந்த பாகத்தைப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். டயரை அவ்வாறு செய்துகொள்ள இயலாது. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி வண்டிக்குப் பல ஆண்டுகள் முன்சக்கரத்தில் 30 x 3, பின்சக்கரத்தில் 30 x 3½ அளவுள்ள டயர்கள் பூட்டப்பட்டன. வெளிவிட்டம் இரண்டுக்கும் 30 அங்குலமே. பருமனை இருபுறமும் கழித்துப் பாருங்கள்: முன் ரிம் 24 அங்குலம், பின் ரிம் 23. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. இவ்வளவுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிச் சென்றால், பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் போய் நிற்போம்.

ஜான் பாய்டு டன்லப் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று, 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். தெருவெங்கும் குதிரைகள் ஓடிய காலம், தொழில் செழித்தது. குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்தவரே குதிரை வண்டியின் ஆயுளைக் குறைத்தார் என்பது வேடிக்கைதான்!

அவருடைய மகனுக்கு மூன்று சக்கரச் சைக்கிள் ஒன்று இருந்தது. கல் பாவிய தெருவில் கெட்டி ரப்பர்ச் சக்கரம் சிறுவனைக் குலுக்கி எடுத்தது. 1887-ல் டன்லப் மெல்லிய ரப்பர்த் தகட்டால் குழாய் செய்து, மரவட்டொன்றின் விளிம்பில் பொருத்திக் காற்றடைத்தார். சைக்கிளின் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து வாயில் தூணில் மோதித் திரும்பியது. 1888-ல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த சைக்கிள் பந்தயங்களில் இந்த டயருடன் வில்லி ஹியூம் என்பவர் வென்றார். தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்னும் வணிகரின் புதல்வர்களும் இருந்தனர். தந்தையார் சினக்கவில்லை, டப்ளினில் கம்பெனி தொடங்கிவிட்டார்!

பிறகுதான் இடி விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். சைக்கிள் பரவாத அக்காலத்தில் அதை வாங்குவாரில்லை, உலகம் மறந்தது. 1890-ல் டன்லப்பின் காப்புரிமை செல்லாதென அறிவிக்கப்பட்டது. அவரைத் திருடர் என்பது அநீதி. தாம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. ஆயினும் முதல்வர் தாம்சனே.

கம்பெனியைக் காத்தவை வேறு இரண்டு காப்புரிமைகள். டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் பிரித்து ஒட்டப் பொழுது போய்விடும். 1890-ல் வெல்ச் என்பவர் டயரின் விளிம்பில் கம்பி வளையம் வைத்தார். பார்ட்லெட் என்பவர் தடித்த விளிம்பை ரிமின் மடிப்பில் கவ்வச் செய்தார். அன்றுமுதல் டயரைக் கழற்றி மாட்டலாம் என்றாயிற்று. கூடவே ரிம்மின் வடிவமும் அளவும் டயரோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டிய கட்டாயமும் வந்தது. 1895-ல் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயரை மோட்டார் பந்தயத்தில் ஓட்டினர். தொடக்ககால மோட்டார்களில் பலவும் பார்ட்லெட் கண்ட கவ்வும் முறை டயரிலேயே ஓடின. மாடல் டி-யின் அந்த 30 x 3 டயரும் அவ்வினமே. பின்னாளில் கம்பி விளிம்பே வென்றது, மற்றது வழக்கொழிந்தது. ஆகவேதான் அதைத் தேடுவோர், பழைய அளவுகளைச் சிறு எண்ணிக்கையில் வார்த்துத் தரும் ஒருசில நிறுவனங்களை நம்பியிருக்கின்றனர். அளவு சரியாயிருந்து விளிம்பு மாறினாலும் பணம் பாழ்.

டன்லப் 1895-ல் கம்பெனியிலிருந்து விலகிப் பங்குகளில் பெரும்பகுதியை விற்றார். அடுத்த ஆண்டே அக்கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது! அவருடைய பெயரும் தாடி வைத்த முகமும் விளம்பரச் சின்னங்களாயின. செல்வம் பிறரிடம் சேர்ந்தது. அவரோ டப்ளினில் துணி வாணிகத்தில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்து, 1921 அக்டோபர் 23-ஆம் நாள் மறைந்தார். அவர் செய்த முதல் சைக்கிள் டயர் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.