கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்ட டாக்டர்

உலகின் முதல் டெஸ்ட் டியூப் பேபி யாருன்னு கேட்டா, லூயிஸ் பிரவுன்னு டக்குனு சொல்லிடுவீங்க. இங்கிலாந்து, 1978 ஜூலை 25. சரி, இரண்டாவது? அது பிறந்தது கல்கத்தாவில், அதே வருஷம் அக்டோபர் 3-ல். வெறும் 70 நாள் இடைவெளி. குழந்தைக்கு துர்கா என்று பெயர். அதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

1931-ல் ஹசாரிபாகில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, அங்கே ஒன்று, எடின்பரோவில் ஒன்று என இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவர்.

இங்கிலாந்துக் குழு, இயற்கையாக முதிரும் ஒற்றை முட்டைக்காகக் காத்திருந்து, வயிற்றில் துளையிட்டு எடுத்தது. சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்து, பிறப்புறுப்பு வழியாக எடுத்தார். ஊசி போட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்கத் தயாராக இல்லாமல் போகலாம். அதனால் கருவை உறைய வைத்து, 53 நாள் கழித்துத்தான் உள்ளே வைத்தார். உறைய வைக்கக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர் சுனித் முகர்ஜி. ஆமா, நம்ம ஆளுதான்!

பாராட்டு கிடைத்ததா? இல்லைங்க. மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. குழு நம்பவில்லை. ஜப்பானுக்குப் போய்ப் பேச அனுமதி மறுக்கப்பட்டது. 1981-ல் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ச்சியாளருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? அந்த ஜூன் 19-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் பேபி என்று பதிவானது. அதன் பின்னால் இருந்த விஞ்ஞானி ஆனந்த் குமார், 1997-ல் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். முதல் ஆள் தான் இல்லை, சுபாஷ்தான் என்று அவரே எழுதினார். தன் பட்டத்தைத் தானே விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்று கருமுட்டை தானத்தைப் பாருங்க. தானம் தருபவருக்கு ஹார்மோன் ஊசி, அதே வழியில் முட்டை எடுப்பு, தேவைப்பட்டால் கருவை உறைய வைப்பது, பெறுபவரின் கருப்பை தயாரானதும் உள்ளே வைப்பது. முட்டை இளம் வயதுக்காரருடையது என்பதால், நாற்பதைத் தாண்டியவருக்கும் கர்ப்பம் நிற்க வாய்ப்பு கூடுகிறது. சுபாஷ் 1978-லேயே நடந்து காட்டிய பாதை இது.

அவரைக் காப்பாற்ற ஆளில்லை. பெயரைக் காப்பாற்றியது அவர் எழுதி வைத்த குறிப்புகள்தான். அடுத்த முறை ரெக்கார்டு நோட் எழுத அலுப்பா இருந்தா, இவரை நினைச்சுக்கோங்க.