ஜெஸ்ஸி அன்ரூ: தேர்தல் நிதிக்குச் சாவி வைத்திருந்த கலிஃபோர்னியா சபாநாயகர்

அமெரிக்க அரசியல் செய்திகளில் 'பேக்' என்ற சொல் அடிக்கடி வரும். பொலிட்டிக்கல் ஆக்‌ஷன் கமிட்டி என்பதன் சுருக்கம் அது. நன்கொடை திரட்டி, வேட்பாளர்களுக்குக் கொடுக்கிற குழு. அப்படிக் கொடுக்கும் காசு ஒரு தலைவரின் கைக்குப் போனால் என்ன ஆகும்? ஜெஸ்ஸி அன்ரூவின் வாழ்க்கை அதைக் காட்டுகிறது.

யார் இவர்?

1922இல் கான்சஸில் பிறந்தார். டெக்சஸில் வறுமையில் வளர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், போர் முடிந்ததும் முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியில் கல்லூரிப் படிப்பை முடித்தார். ஜனநாயகக் கட்சி சார்பில் 1954இல் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1961இல் சபாநாயகர். அங்கே அது நடுநிலைப் பதவி இல்லை. அவையில் பெரும்பான்மைக் கட்சியை வழிநடத்துபவரே அவர்தான்.

காசு எப்படிச் சுற்றியது?

அதுவரை வங்கி, மதுபான நிறுவனங்களின் லாபியிஸ்ட்கள் உறுப்பினர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தார்கள். உறுப்பினரும் அவர்களுக்கே கடமைப்பட்டார். அன்ரூ இதை மாற்றினார். பணம் தன்னிடம் வரணும், யாருக்கு எவ்வளவு என்பதைத் தானே முடிவு செய்யணும். அவ்வளவுதான். ஜெயித்து வந்தவர்கள் இப்போது அன்ரூவுக்குக் கடன்பட்டிருந்தார்கள்.

நல்லவரா, கெட்டவரா?

வணிக நிறுவனங்கள் இனம், நிறம், மதம் பார்த்து வாடிக்கையாளரை ஒதுக்கக்கூடாது என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உறுப்பினர்கள் தகவலுக்காக லாபியிஸ்ட்களை நம்பியிருக்கக்கூடாதுனு சட்டமன்றத்துக்கு ஆய்வுப் பணியாளர்களைச் சேர்த்தார். 1966இல் அதை முழுநேர அவையாக மாற்றியதிலும் அவர் பங்கு பெரிது. ஆனால் அதே லாபியிஸ்ட்களின் நன்கொடையை அவர் விடவில்லை.

1968 தேர்தலில் கட்சி பெரும்பான்மையை இழக்க, பதவி போனது. 1970 ஆளுநர் தேர்தலில் ரொனால்ட் ரீகனிடம் தோற்றார். 1975இல் மாநிலக் கருவூலர் ஆனார். அரசுக் கடன் பத்திரங்களை எந்த நிறுவனம் விற்கும் என்பதில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களின் நன்கொடை தேடி வந்தது. 1987இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

இன்று என்ன?

1980இல் சபாநாயகரான வில்லி பிரவுன் இதே வழியை இன்னும் பெரிதாக்கினார். பல மாநிலங்களில் தலைவர்கள் தனிக் குழு வைத்தே சக வேட்பாளர்களுக்குப் பணம் தருகிறார்கள். அன்ரூ உறுப்பினர்களை லாபியிஸ்ட்களின் பிடியிலிருந்து ஓரளவு விடுவித்தார். தலைவரின் பிடியிலிருந்து அவர்களை யார் விடுவிப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.