மக்காஃபெரி என்னும் இசைத் தொழிலாளி

பெருமக்களின் வரலாறு என்றதும் நாட்டுத் தலைவர்களும் விஞ்ஞான மேதைகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். துணி உலர்த்தும் கிளிப்பு செய்து விற்ற ஒருவரைப் பற்றி இம்மலருக்கு எழுதப் போகிறேன் என்றபோது வகுப்புத் தோழர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கித்தார் பயிலும் எவரைக் கேட்டாலும் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்லுவார்கள். வேதியியல் மாணவனாகிய எனக்கு அவர்மீது ஈடுபாடு உண்டானதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

மரியோ மக்காஃபெரி 1900ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இத்தாலியில், பொலோஞா நகருக்கு அருகிலுள்ள சென்ட்டோ என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு நீளவில்லை. பதினொரு வயதில் லூயிஜி மொட்சானி என்பாரின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். மொட்சானி கித்தார் செய்பவர்; வாசிப்பவரும் கூட. எனவே சிறுவன் மரியோ இழைப்புளி பிடிக்கவும் கற்றான், தந்தி மீட்டவும் கற்றான். நம் நாட்டில் வீணை செய்யும் ஆசாரி வேறு, வாசிக்கும் வித்துவான் வேறு. இரண்டு கைத்திறனும் ஒருவரிடமே அமைவது எந்த நாட்டிலும் அரிதுதான்.

பின்னர் சியனா நகரில் முறையாக இசை பயின்று, 1920களில் ஐரோப்பிய மேடைகளில் கித்தார்க் கச்சேரிகள் செய்தார். செகோவியா புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதே மேடைகளில் இவரும் நல்ல பெயர் பெற்றார். பிறகு லண்டன் சென்று குடியேறினார். அங்கிருந்தபோதுதான் சாக்சபோன், கிளாரினெட் முதலிய ஊதுகருவிகளுக்குப் பெயர்பெற்ற பாரிசு செல்மர் நிறுவனத்தாருடன் தொடர்பு ஏற்பட்டது. அவர்களுக்காக இவர் வகுத்த கித்தார்கள் 1932இல் வெளிவந்தன. ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற அகன்ற வாய், பெட்டியினுள் இன்னொரு மர ஒலிப்பான், எஃகுத் தந்திக்கு ஏற்ற உறுதி ஆகியவை அவற்றின் சிறப்புகள். ஒலிபெருக்கி இன்றியே ஒரு கோஷ்டிக்கு நடுவே எடுபடும் ஓசை அவற்றுக்கு இருந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ஜாஸ் மேதையின் கைக்கு வந்த பிறகு அவ்வகைக் கித்தார் அழியாப் புகழ் பெற்றது. 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப் போனவர் ஜாங்கோ.

செல்மருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1933இல் மக்காஃபெரி விலகினார். அதே ஆண்டில் நீச்சல் குளத்தில் நேர்ந்த விபத்தில் அவர் கை முறிந்தது. கச்சேரி வாழ்வு அத்துடன் முடிந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

இங்கேதான் நான் தேடி வந்த மக்காஃபெரி தொடங்குகிறார். வாசிக்க இயலாத கை செய்யவாவது கூடாதா? ஊதுகருவிகளுக்கான சீவாளி செய்வதில் இறங்கினார். நாதசுரச் சீவாளியை நாம் அறிவோம். அது இரட்டை நாக்குடையது. கிளாரினெட்டுக்கும் சாக்சபோனுக்கும் ஒற்றை நாக்குதான். நாணல் இனத்துத் தண்டைப் பிளந்து, காயவைத்து, நுனியைத் தாளைப்போல் மெலிதாகச் சீவி, வாய்ப்பகுதியில் கட்டிவிடுவார்கள். ஊதும்போது அது துடிக்கும், அத்துடிப்பே ஓசை. தென் பிரான்சில் வார் மாவட்டத்தில் விளையும் நாணலே இதற்குச் சிறந்தது. ஆயினும் ஒரே வயலில் வெட்டிய இரு தண்டுகள் ஒன்றுபோல் பேசுவதில்லை. எச்சிலில் ஊறி, காய்ந்து, வளைந்து சில வாரங்களில் வீணாகிவிடும். வறிய மாணவனுக்குக் கருவியைவிடச் சீவாளிச் செலவே தீராத தொல்லை.

1939இல் மக்காஃபெரி அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டே பிரான்சு செர்மானியர் வசம் வீழ்ந்தது. நாணல் வரத்து நின்றது. சீவாளி வணிகருக்கு இதைவிடப் பெரிய இடி ஏது? அவர் பிளாஸ்டிக்கைக் கையிலெடுத்தார். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தினால் ஆயிரம் சீவாளியும் ஒரே அளவில் வரும். நனைக்க வேண்டியதில்லை, வளைவதும் இல்லை. அச்சைத் துல்லியமாக வெட்டுவதில்தான் சூட்சுமம் இருந்தது. மரம் இழைத்துப் பழகிய கைக்கு அது எளிதாக வந்தது போலும். கிளாரினெட் மன்னர் பென்னி குட்மனே இதற்குப் பரிந்துரை வழங்கினார். நாணலின் கனிவு இதில் இல்லை என்று குறை கூறியவர்களும் உண்டு. அக்குறை முழுப்பொய் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நாணலே கிடைக்காத நாளில் ஊதுவதற்கு ஒன்று கிடைத்ததே!

அதன்பின் அவருடைய ஆலையில் துணிக் கிளிப்புகள் இலட்சக்கணக்கில் வார்க்கப்பட்டன. குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓடுகளும் வந்தன. கச்சேரி செய்தவர் கிளிப்பு விற்பதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த வருமானம்தான் அவரை மீண்டும் இசைக் கருவிகளிடம் கொண்டு சேர்த்தது. 1949இல் 'ஐலண்டர்' என்னும் பிளாஸ்டிக் உகுலேலியை வெளியிட்டார். நான்கு தந்தியுடைய சிறு கித்தார் என்று அதைச் சொல்லலாம். விலை ஆறு டாலருக்குள். ஆர்தர் காட்ஃப்ரி என்பார் தொலைக்காட்சியில் அதைப் பாராட்டிப் பேச, விற்பனை வெள்ளமெனப் பெருகியது. ஏறத்தாழ 90 இலட்சம் விற்றன என்று கணக்கு. செல்மர் நிறுவனமோ 1952 வரை செய்த கித்தார்கள் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டவில்லை!

அவர் பயன்படுத்திய பொருள் பாலிஸ்டைரீன். நம் பாடத்தில் பலபடிகள் என்ற பகுதியில் ஒரு சமன்பாடாக வந்து போகிறதே, அதுதான். எனக்கு ஈடுபாடு உண்டானது இதனாலேயே. தேர்வுக்காக நான் மனனம் செய்த அந்தச் சமன்பாடு எத்தனையோ பிள்ளைகளின் கைகளில் தந்தி மீட்டியிருக்கிறது. அந்த உகுலேலி வெறும் பொம்மையும் அன்று. மெட்டுகளின் இடைவெளியைக் கணக்கிட்டு அமைத்தவர் மேடை கண்ட வித்துவான். ஆகவே சுருதி பிசகாது.

எல்லாம் வெற்றியாகவே முடியவில்லை. 1953இல் அவர் வெளியிட்ட பிளாஸ்டிக் கித்தார்களை வணிகர்கள் விளையாட்டுப் பொருளென ஒதுக்கினர். விலை மலிந்த உகுலேலியின் புகழே அவற்றுக்குப் பகையாயிற்று என்பது என் கருத்து. விற்காத கித்தார்கள் பல ஆண்டுகள் கிடங்கிலேயே கிடந்தன. அதே ஆண்டில் டொராண்டோ நகரில் சார்லி பார்க்கர் பிளாஸ்டிக் சாக்சபோன் ஒன்றை மேடையேற்றி ஊதினார். அது லண்டனில் வேறொரு இத்தாலியர் ஆக்கியது. மேதையின் உதட்டில் பட்டதும் அதை எவரும் பொம்மை என்று சொல்லவில்லை. மக்காஃபெரியின் கித்தாருக்கு அப்படி ஒரு பார்க்கர் வாய்க்கவில்லை.

அவர் ஓயவும் இல்லை. முதுமையில் பிளாஸ்டிக்கால் வயலின் செய்யத் தொடங்கினார். வில்லின் உரசலுக்கு இசைந்து பேசும் பலகையைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது கித்தாரைவிடக் கடினம். 1990இல், தம் தொண்ணூறாம் வயதில், நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அவ்வயலினை மேடையில் வாசிக்கச் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1993 ஏப்ரலில் காலமானார். ஒருகாலத்தில் விலைபோகாத அந்தப் பிளாஸ்டிக் கித்தார்களை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர்.