விமானம் செய்யப் போனவர் வீடு கட்டினார்

ஹனூர், கொள்ளேகால் வட்டாரத்தில் கூலி வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதே பெரும்பாடு. சேர்ந்த பிள்ளை பாதியில் வேறு படிப்புக்குப் போகிறேன் என்றால் வீடே கலங்கிவிடும். கட்டிய பீசும் போயிற்று, வருடமும் போயிற்று என்று தகப்பனார் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அப்படி வழி மாறியவர்களில் உலகப் புகழ் பெற்றவர் லுட்விக் விட்கென்ஸ்டைன். விமான ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், தத்துவத்துக்குப் போனார். பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிறகு கட்டிடக் கலைஞரும் ஆனார். முதலில் படித்த படிப்பு வீணாயிற்றா? அவருடைய வாழ்க்கையே பதில்.

பட்டமும் விசிறியும்

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1889-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி பிறந்தார். தந்தை கார்ல், எஃகு ஆலைகளின் அதிபர், பெரும் கோடீசுவரர். வீட்டுக்குக் கடைக்குட்டியான லுட்விக்குக்குச் சிறு வயதிலேயே எந்திரங்கள் மீது மோகம். விளையாட்டாகத் தையல் எந்திர மாதிரி ஒன்றைத் தன் கையாலேயே செய்தார்.

பெர்லினில் என்ஜினீயரிங் படித்துவிட்டு, 1908-ல் இங்கிலாந்து சென்றார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. மலைப்பகுதியில் பெரிய பட்டங்களைப் பறக்கவிட்டு மேல்காற்றை ஆராய்ந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விமான ஆராய்ச்சி மாணவரானார்.

விமானத்தை இழுத்துச் செல்லும் விசிறியின் இறக்கை நுனிகளில் வாயு பீறிட்டு வெளியேறினால், அந்த வேகத்திலேயே விசிறி சுழலும் என்பது அவர் யோசனை. 1911-ல் அதற்குப் பேடண்ட் உரிமை பெற்றார். அதே தத்துவத்தில் இயங்கிய ஹெலிகாப்டர் ஒன்று 1943-ல் ஆஸ்திரியாவில் பறந்தது.

முட்டாளா, மேதையா?

விசிறியின் வடிவத்துக்குக் கணக்குப் போடப் போனவரைக் கணிதம் பிடித்துக்கொண்டது. கணிதத்துக்கு அடிப்படை என்ன என்ற கேள்வி தூங்கவிடவில்லை. 1911-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய், பேரறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைச் சந்தித்தார். நம் கணித மேதை ராமானுஜன் 1914-ல் போய்ச் சேர்ந்ததும் இதே கல்லூரிதான்.

தான் அடிமுட்டாளா என்று ரஸ்ஸலிடம் நேராகவே கேட்டார். முட்டாள் என்றால் விமானத்துக்கே திரும்பிவிடுவதாகவும், இல்லையென்றால் தத்துவத்தில் இருப்பதாகவும் சொன்னார். விடுமுறையில் ஏதாவது எழுதி வரும்படி ரஸ்ஸல் கூறினார். எழுதி வந்ததில் முதல் வாக்கியத்தைப் படித்ததுமே, விமானத்துக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சொத்தைத் துறந்தார்

முதல் உலகப் போரில் தாமே முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். போர்முனையிலேயே நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்தார். அந்தச் சிந்தனைகளே பின்னர் 1921-ல் அவருக்குப் புகழ் தந்த நூலாக வெளிவந்தன. 1919-ல் இத்தாலியச் சிறையிலிருந்து திரும்பியதும், தம் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

1920-ல் மலைக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். அந்த ஊர் நெசவாலையில் நீராவி எந்திரம் நின்றுபோனபோது, அதை ஓடவைத்தவர் இந்த வாத்தியார்தான். ஆனால் கோபக்காரர், பிள்ளைகளை அடிப்பார். 1926-ல் அடிபட்ட ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். உடனே வேலையை விட்டு விலகினார். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கிராமங்களுக்குத் திரும்பிப் போய், அடிபட்ட மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

மூன்று சென்டிமீட்டர்

வேலையும் இன்றி மனமும் உடைந்து நின்ற நேரத்தில், வியன்னாவில் அக்காள் மார்கரெட் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். நண்பர் பால் எங்கெல்மான் வரைபடம் போட்டார். விட்கென்ஸ்டைனும் அதில் இறங்கினார். விரைவிலேயே முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்துவிட்டது.

என்ஜினீயர் புத்தி அங்கே வேலை செய்தது. கதவு, கைப்பிடி, ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அவரே அளவு குறித்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்பினார். குளிருக்கு அறையைச் சூடாக்கும் சாதனங்களை வார்த்து வாங்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. துணித் திரைக்குப் பதிலாக இரும்புத் தகட்டுத் திரைகள். ஒவ்வொன்றும் 150 கிலோ எடை. கப்பி அமைப்பினால் ஒரு கையாலேயே இறக்கி ஏற்றலாம்.

வீடு முடிந்து கூட்டிப் பெருக்கப் போகும் சமயத்தில், பெரிய கூடத்தின் மேல்தளத்தை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள்! 1928-ல் வீடு நிறைவு பெற்றது. 1970-களில் அதை இடிக்க ஏற்பாடு நடந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. வீடு தப்பியது.

அந்த நாட்களில் வியன்னா அறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சில சமயம் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, தாகூர் கவிதைகளைப் படிப்பாராம்.

1929-ல் கேம்பிரிட்ஜ் திரும்பினார். 1939-ல் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டுகளுக்கு மருந்து கொண்டுபோகும் சிப்பந்தியாக வேலை பார்த்தார். 1951-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந்தேதி, 62-வது வயதில் காலமானார்.

பெற்றோர் கவனிக்க

கோடீசுவரர் வீட்டுப் பிள்ளைக்கு மாறிப் பார்க்க வசதி இருந்தது. மாதச் சம்பளத்தில் பீஸ் கட்டுகிற வீட்டில் அது இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானத்தை விடுமுன் அதில் பேடண்ட் வாங்கும் அளவுக்கு அவர் உழைத்தார். போகும் முன் பெரியவர் ஒருவரிடம் தம் தகுதியைச் சோதித்துக்கொண்டார். எந்திரத்தில் கற்றது ஆலையிலும் உதவியது, வீட்டிலும் உதவியது.

வழி மாற விரும்பும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், இதுவரை படித்ததில் என்ன கற்றாய் என்று கேட்கலாம். பதில் சொல்ல முடிகிற பிள்ளைக்குப் போன வருடம் வீண் அல்ல.