இறுதி வழியாக ஏந்திய வாள்

1675-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். காஷ்மீரப் பண்டிதர்களின் வழிபாட்டுரிமைக்காகக் குரல் கொடுத்த சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர், டில்லியில் முகலாயப் பேரரசின் ஆணைப்படி சிரச்சேதம் செய்யப்பட்டார். சீடர் ஒருவர் மறைவாகக் கொண்டுவந்து சேர்த்த அந்தத் திருமுடியை அனந்தபூரில் தகனம் செய்த மகனுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. 1666-இல் பாட்னாவில் பிறந்த அச்சிறுவனே பத்தாவது குருவான கோவிந்த சிங்.

பழி தீர்க்கும் வெறி அவ்வுள்ளத்தில் மூண்டிருக்கலாம். அவரோ தம்மைப் பண்படுத்திக்கொள்ள முனைந்தார். வில், வாள், குதிரையேற்றம் ஆகியவற்றோடு பாரசீகமும் சம்ஸ்கிருதமும் பயின்றார், கவிதைகள் இயற்றினார்.

1688-இல் மலைநாட்டு இந்து மன்னர்கள் அவர்மீது படையெடுத்து வந்தனர். யமுனைக் கரையருகே பங்காணியில் போர் மூண்டது. முஸ்லிம் மகானான பீர் புத்து ஷா தம் புதல்வர்களோடும் சீடர்களோடும் குருவின் பக்கம் நின்று போரிட்டார். வெற்றி பெற்ற குரு ஓர் அடி நிலத்தையும் தமதாக்கிக்கொள்ளவில்லை.

1699-ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில் அவர் கால்சா அமைப்பை நிறுவினார். முதலில் தீட்சை பெற்ற ஐவருள் நாவிதரும் நீர் சுமப்பவரும் இருந்தனர். கால்சாவினர் அணியும் கிர்பான் என்னும் வாள், எளியோரைக் காக்கும் கடமையை நினைவூட்டுவது.

பின்னர் அனந்தபூரில் நடந்த போர்களின்போது, கன்னையா என்னும் சீடர் காயமுற்றுக் கிடந்த பகைவருக்கும் தண்ணீர் கொடுத்தார். வீரர்கள் சினந்து குருவிடம் முறையிட்டனர். தமக்கு யாவரிடமும் குருவின் முகமே தெரிவதாகக் கன்னையா பணிவுடன் கூறினார். குரு அவரைக் கண்டிக்கவில்லை. காயங்களுக்கு இடுவதற்கு மருந்தையும் அளித்து அனுப்பினார் என்று சீக்கிய மரபு போற்றுகிறது. வாளேந்திய கரத்திற்கும் வெறுப்பற்ற உள்ளம் வேண்டும் என்பதை அவர் அன்று உணர்த்தினார்.

அவ்வுள்ளத்திற்குக் கடும் சோதனை வந்தது. நீண்ட முற்றுகைக்குப் பின், பாதுகாப்பாக வெளியேறலாம் என்று பகைவர் செய்த சத்தியத்தை நம்பி அவர் கோட்டையை விட்டு நீங்கினார். சத்தியம் மீறப்பட்டது. மூத்த புதல்வர் இருவர் சம்கௌரில் போரிட்டு மாண்டனர்; இளையவர் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டனர்.

1705-இல் அவர் அவுரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் ஒரு செய்யுள் மடலை விடுத்தார். ஜஃபர்நாமா எனப்படும் அம்மடல் வாக்குத் தவறிய பேரரசரை இடித்துரைக்கிறது. மற்ற எல்லா வழிகளும் அடைபட்ட பின்னரே வாளைத் தொடுவது நியாயம் என்ற நெறியையும் அது நிலைநாட்டுகிறது. நான்கு புதல்வர்களையும் இழந்த தந்தை, அந்நிலையிலும் அறத்தின் அந்த எல்லையைத் தளர்த்தவில்லை.

1708-இல் நாந்தேடில் அவர் உடலை நீத்தார். தமக்குப் பின் குருவாக அவர் அமர்த்தியது புனித நூலான கிரந்த சாகிபை.