மரத்தின் காயம் அறிந்த மேதை

ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி 1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநரானார். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே பேராக், கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. ஆயினும், மரத்தைக் கெடுக்காமல் பாலெடுக்கும் வழி தெரியவில்லை.

இரப்பர்ப் பால் மரத்தின் தற்காப்பாகும். பட்டை காயம்பட்டதும் பால் வடிந்து உறைகிறது. காயத்தை மூடி, நோய்க்கிருமிகளும் பூச்சிகளும் நுழைவதைத் தடுக்கிறது. வெட்டு ஆழமானால், பட்டையைப் புதுப்பிக்கும் மெல்லிய படலம் சிதையும். மரம் எளிதில் நோய்க்கு ஆளாகும்.

பல ஆண்டுகள் ஆராய்ந்த ரிட்லி, அப்படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். சீவிய இடத்தையே மீண்டும் சீவினால் பால் பெருகுவதையும் கண்டறிந்தார். காப்பி பயிரிட்டு வந்த முதலாளிகளிடம் இரப்பர் விதைகளைக் கொடுத்து வற்புறுத்தினார். அவர்களோ அவரைக் கிறுக்கர் என எள்ளினர். காப்பி விலை சரிந்த பின்னரே அவரது சொல் எடுபட்டது.

பேராக்கிலும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கு விடியுமுன் எழுந்து மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர்கள், பட்டையின் ஆழத்தைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவர்களது உழைப்பால் ரிட்லியின் முறை நாட்டின் செல்வமானது.

ரிட்லி 1956இல், தமது நூறாவது வயதில் மறைந்தார். கோலகங்சாரில் நடப்பட்ட அந்தப் பழைய மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது.