நிலவுக்கு வழி சொன்ன பேராசிரியர்: யார் இந்த டிராப்பர்?

1969 ஜூலை 20. நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது ‘ஈகிள்’ விண்கலம். தரையைத் தொட இன்னும் சில நிமிடங்கள்தான் பாக்கி. திடீரென 1202 என்று எச்சரிக்கை காட்டியது கணினி. காரணம், தாங்க முடியாத வேலைச் சுமை. ஆனாலும் அது ‘ஹேங்’ ஆகிவிடவில்லை. அவசரமில்லாத வேலைகளை ஓரங்கட்டிவிட்டு, இறங்கத் தேவையானதை மட்டும் கவனித்தது. ஈகிள் பத்திரமாக இறங்கியது.

அந்தக் கணினியை வடிவமைத்தது அமெரிக்காவின் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் ஓர் ஆய்வகம். அதை உருவாக்கி நடத்தியவர், சார்லஸ் ஸ்டார்க் டிராப்பர்.

1901-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்த டிராப்பர், ஸ்டான்ஃபோர்டில் படித்தது என்னவோ உளவியல்! பிறகு எம்ஐடிக்கு வந்து பொறியியலும் இயற்பியலும் படித்து, அங்கேயே பேராசிரியரானார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

மேகத்துக்குள் போன விமானம், வெளியே எதையும் பார்க்காமல் தான் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டிராப்பரின் விடை இதுதான்: திசை மாறாமல் சுழலும் கைரோஸ்கோப், வேக மாற்றத்தை அளக்கும் கருவி, இரண்டும் போதும். கிளம்பிய இடம் தெரிந்தால், இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 1953-ல் மாசசூசெட்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஒரு விமானத்தை இப்படியே பறக்கவிட்டுக் காட்டினார்.

1961-ல் அப்பல்லோ திட்டத்தின் முதல் பெரிய ஒப்பந்தத்தை நாசா கொடுத்தது ராக்கெட் நிறுவனத்துக்கு அல்ல, டிராப்பரின் ஆய்வகத்துக்கு! கருவி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. 60 வயதில், தன்னையே விண்வெளி வீரராக அனுப்பச் சொல்லி நாசாவுக்குக் கடிதம் எழுதினார். ஆனால், அவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. போலாரிஸ் அணு ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவியை உருவாக்கியதும் இதே ஆய்வகம்தான். வியட்நாம் போர் நடந்த காலம் அது. நிலவில் கால் வைத்து நான்கே மாதத்தில், 1969 நவம்பரில், ஆயுத ஆராய்ச்சியை எதிர்த்து எம்ஐடியில் போராட்டம் வெடித்தது. பல்கலைக்கழகத்துக்குள் போர்க் கருவி செய்யலாமா என்பதுதான் கேள்வி.

ஆய்வகத்துக்கு டிராப்பரின் பெயரைச் சூட்டிய எம்ஐடி, 1973-ல் அதைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டது. டிராப்பர் 1987-ல் காலமானார். லாப நோக்கமற்ற தனி நிறுவனமாக அந்த ஆய்வகம் இன்றும் இயங்குகிறது.

நிலவுக்குப் போகவும் ஏவுகணை ஏவவும் வழி சொன்னது ஒரே அறிவியல்தான். எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் எந்தக் கைரோஸ்கோப்பும் சொல்லாது. அதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.